கிரெய்க்ஸ்லிஸ்ட், பேக்பேஜ் தளங்களை மூட வைத்ததால் ஆள் கடத்தல் குறைந்ததா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கிரெய்க்ஸ்லிஸ்ட், பேக்பேஜ் மாதிரியான வரி விளம்பரத் தளங்கள் பெண்களைக் கடத்தி விற்க உதவுகின்றன என்று சொல்லி அரசியல்வாதிகள் நெருக்கி மூட வைத்தார்கள். அதனால் கடத்தல் குறைந்ததா, இல்லை தேர்தல் நாடகம்தானா? அப்படி ஒரு விளம்பரம் நம் கண்ணில் பட்டால் என்ன செய்வது?" இதற்குள் பல கேள்விகள் இருக்கின்றன. தளங்கள் எப்படி மூடப்பட்டன என்பதற்குத் தீர்ப்புகளும் அறிக்கைகளும் இருக்கின்றன, அதை உறுதியாகச் சொல்லலாம். நெருக்கியவர்களின் நோக்கம் பற்றிப் பேசினால் கொஞ்சம் ஊகம் கலக்கத்தான் செய்யும். கடத்தல் குறைந்ததா என்பதை யாராலும் சரியாக அளக்க முடியவில்லை. ஆனால் கைக்கு எட்டும் சில அறிகுறிகள் இருக்கின்றன, அவற்றை வைத்து ஓரளவு பேசலாம்.

நான் வக்கீல் இல்லை. சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு வரி விளம்பரத் தளங்களுக்கு வரும் விளம்பரங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன், பிறகு அதே வேலைக்குப் புதியவர்களைப் பழக்கினேன். கீழே பேசப்போகும் தளங்கள் எதற்கும் வேலை பார்த்ததில்லை. இந்த வேலையின் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் பார்ப்பது விளம்பரத்தை, ஆளை அல்ல. ஒரே ஃபோன் நம்பர் ஒரு வாரத்தில் மூன்று ஊர்களில் வருகிறது, வேறு வேறு பெயரில் இருக்கும் பெண்களின் படங்களில் ஒரே ஓட்டல் அறைத் திரைச்சீலை தெரிகிறது, எல்லா விளம்பரத்திலும் எழுத்து நடை ஒரே ஆளுடையது என்றால் பின்னால் யாரோ ஒருவர் இருந்து நடத்துகிறார் என்று சந்தேகிக்கலாம். அந்த யாரோ ஒருவர் அடியாளா, தோழியா, சம்பளத்துக்கு விளம்பரம் போட்டுத் தரும் ஆளா என்று அந்தத் திரையை வைத்துச் சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கிரெய்க்ஸ்லிஸ்ட் 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியது. வீட்டு வாடகை, பழைய சோபா, வேலை என்று பெரும்பாலும் இலவச விளம்பரங்கள். அதில் பாலியல் சேவைக்கென்றே ஒரு பிரிவும் இருந்தது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் சில கவுண்டிகளை (நம் மாவட்டம் மாதிரி) தவிர எங்கும் பாலியல் தொழில் சட்டவிரோதம், அதனால் அந்தப் பிரிவு மாநில அட்டர்னி ஜெனரல்களின் கண்ணை உறுத்தியது. நம் ஊரில் அட்டர்னி ஜெனரல் என்றால் அரசு நியமிக்கும் மூத்த வழக்கறிஞர். அங்கே 43 மாநிலங்களில் அவர் ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர். அடுத்து கவர்னர், செனட்டர் என்று போக நினைப்பவர்கள் அந்தப் பதவியில் நிறைய பேர். இது தெரியாமல் இந்தக் கதையில் பாதி புரியாது.

2008 நவம்பரில் கனெக்டிகட் அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமென்தால் முன்னின்று, 40 மாநிலங்களுடன் கிரெய்க்ஸ்லிஸ்ட் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அந்தப் பிரிவில் விளம்பரம் போடுபவர் வேலை செய்யும் ஃபோன் நம்பர் தர வேண்டும், கிரெடிட் கார்டில் ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும். கட்டணத்தின் நோக்கம் லாபம் இல்லை. கார்டு என்றால் அதன் பின்னால் பெயரும் முகவரியும் இருக்கும், போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். நிகர வருமானத்தை அறக்கட்டளைகளுக்குத் தருவதாகவும் நிறுவனம் சொன்னது. எங்கள் வேலையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இது நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வார்கள். பெயரில்லாமல் இலவசமாகப் போடும் இடத்தில்தான் குப்பை சேரும். ஆனால் இரண்டே வருடத்தில் அதே கட்டணம் குற்றப்பத்திரிகையாக மாறியது. பெண்களை விற்றுப் பணம் பண்ணுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. கட்டணம் வாங்கச் சொல்லி உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

2009-ல் நெருக்கடி முற்றியது. மார்ச்சில் சிகாகோ இருக்கும் குக் கவுண்டியின் ஷெரிஃப் டாம் டார்ட் வழக்குப் போட்டார். அடுத்த மாதம் பாஸ்டனில், கிரெய்க்ஸ்லிஸ்டில் விளம்பரம் கொடுத்திருந்த ஒரு பெண் ஓட்டலில் கொல்லப்பட்டார், டிவி முழுக்க அதே செய்தி. தென் கரோலினா அட்டர்னி ஜெனரல் ஹென்றி மெக்மாஸ்டர், நிர்வாகிகள் மேல் கிரிமினல் வழக்குப் போடுவேன் என்று கெடு வைத்தார். அடுத்த ஆண்டு கவர்னர் வேட்பாளர் தேர்வில் நின்றவர் அவர். மே மாதம் கிரெய்க்ஸ்லிஸ்ட் பழைய பிரிவை எடுத்துவிட்டு வேறு பெயரில் ஒரு பிரிவு தொடங்கியது. கட்டணம் 10 டாலர், ஒவ்வொரு விளம்பரத்தையும் ஆள் பார்த்த பிறகே வெளியீடு. அப்படிப் பார்த்ததில் ஏழு லட்சத்துக்கும் மேல் நிராகரித்ததாக நிறுவனம் பிறகு சொன்னது. அக்டோபரில் டார்ட்டின் வழக்கு தள்ளுபடி ஆனது. அதாவது, நீதிமன்றத்தில் ஜெயித்துக்கொண்டே வெளியே தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

2010-ல் வெளியே இருந்த சத்தம் தாங்க முடியாததாகிவிட்டது. சிறு வயதில் கிரெய்க்ஸ்லிஸ்ட் வழியாக விற்கப்பட்டதாகச் சொன்ன இருவர் நியூமார்க்குக்கு எழுதிய திறந்த மடல் வாஷிங்டன் போஸ்ட்டில் விளம்பரமாக வந்தது. அதை நாடகம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆகஸ்டில் 17 அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து அந்தப் பிரிவை மூடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அமெரிக்கப் பக்கங்களில் அந்த இணைப்பு இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டையும் 'தணிக்கை செய்யப்பட்டது' என்ற சொல்லும் வந்தன. சில நாளில் பட்டையும் போயிற்று, அந்தப் பிரிவு திரும்ப வராது என்று நாடாளுமன்றக் குழுவில் சொன்னார்கள். நவம்பரில் புளூமென்தால் செனட்டர் தேர்தலில் ஜெயித்தார். இதை வைத்து எல்லாம் ஓட்டுக்காகத்தான் என்று முடித்துவிட வேண்டாம். அந்த 17 பேரில் தேர்தலில் நிற்காதவர்களும் உண்டு, சிலர் பாதிக்கப்பட்ட குடும்பங்களை நேரில் பார்த்தவர்கள். ஆனால் எந்தக் கடிதம் எப்போது எழுதப்பட்டது என்பதில் தேர்தல் நாட்காட்டிக்குப் பங்கில்லை என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்காமல் போக முடியாது. 1996-ல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின் 230-ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்குத் தளத்தை வெளியீட்டாளராகக் கருதக் கூடாது என்கிறது. இது எதற்கு வந்தது? அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிராடிஜி என்ற நிறுவனம் தன் இணைய விவாதப் பலகைகளில் மோசமான பதிவுகளை நீக்கி வந்ததையே காரணம் காட்டி, அப்படியானால் மிச்சத்துக்கும் நீதான் பொறுப்பு என்றது. சுத்தம் செய்பவனுக்குத் தண்டனை, கண்ணை மூடிக்கொண்டவனுக்கு விடுதலை என்றால் யார் சுத்தம் செய்வார்கள்? அந்தக் கோணலை நிமிர்த்தத்தான் ரான் வைடனும் கிறிஸ் காக்ஸும் 230-ஐக் கொண்டுவந்தார்கள். மத்திய அரசின் கிரிமினல் சட்டத்தை அது தொட்டதே இல்லை. மத்திய வழக்கறிஞர்கள் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போட்டிருக்கலாம். மாநிலங்களின் கையைத்தான் கட்டியது. மாநில அட்டர்னி ஜெனரல்கள் கடிதம், செய்தியாளர் சந்திப்பு என்று போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரெய்க்ஸ்லிஸ்ட் மூடியதும் விளம்பரங்கள் பேக்பேஜுக்குப் போயின. 2004-ல் மைக்கேல் லேசி, ஜேம்ஸ் லார்க்கின் என்ற இரண்டு பத்திரிகை முதலாளிகள் கார்ல் ஃபெரரை வைத்துத் தொடங்கிய தளம் அது. பின்னாளில் வில்லேஜ் வாய்ஸ் உட்படப் பல வார இதழ்கள் அவர்களுடையவையாக இருந்தன. இதழின் பின்பக்க விளம்பரங்களை இணையத்துக்குக் கொண்டுபோவதுதான் யோசனை. 2008-ல் 53 லட்சம் டாலராக இருந்த வருமானம் 2014-ல் 13.5 கோடி டாலர் ஆனது. 2011-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட அட்டர்னி ஜெனரல்கள் இவர்களுக்கும் கடிதம் எழுதினார்கள். இவர்கள் கிரெய்க்ஸ்லிஸ்ட் மாதிரி பின்வாங்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். வாஷிங்டன், டென்னசி, நியூஜெர்சி மாநிலங்கள் கொண்டுவந்த சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைத்தார்கள்.

அப்புறம் டாம் டார்ட் மறுபடி வந்தார். இந்த முறை தளத்தைத் தொடவில்லை. 2015 ஜூன் கடைசியில் தன் அலுவலகத் தாளில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் இரண்டும் பேக்பேஜுக்குப் பணம் செலுத்தும் வசதியை நிறுத்திவிட்டன. பேக்பேஜ் வழக்குப் போட்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது. நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இது: ஷெரிஃப் ஒரு குடிமகனாக எதையும் கண்டிக்கலாம், ஆனால் பதவியைக் காட்டி மூன்றாவது ஆளை மிரட்டி, தன்னால் சட்டப்படி மூட முடியாத ஒன்றின் கழுத்தை நெரிக்கக் கூடாது. 2024-ல் துப்பாக்கிச் சங்கம் தொடர்ந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இதே வழியில் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் கார்டு நிறுவனங்கள் திரும்பி வரவில்லை. விளம்பரதாரர்கள் காசோலைக்கும் பிட்காயினுக்கும் போனார்கள். கார்டு இருந்தால் போலீஸுக்கு ஒரு பெயராவது கிடைக்கும் என்று 2008-ல் மாநிலங்களே சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

இதுவரை படித்தால் பேக்பேஜ் பேச்சுரிமைக்காகப் போராடிய தளம் என்று தோன்றலாம். அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். 2017 ஜனவரியில் வந்த செனட் விசாரணைக் குழு அறிக்கைதான் அந்தப் படத்தை மாற்றியது. ராப் போர்ட்மேன், கிளேர் மெக்காஸ்கில் என்ற எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரும் சேர்ந்து நடத்திய விசாரணை அது. ஆவணம் தர மறுத்த ஃபெரர் மேல் நடவடிக்கை எடுக்க 2016 மார்ச்சில் செனட் 96-க்கு 0 என்று ஓட்டுப் போட்டது. கடைசியில் கிடைத்த உள் மின்னஞ்சல்களில் இருந்ததைத்தான் நான் புதியவர்களுக்குப் பாடமாகச் சொல்வேன்.

எங்கள் வேலையில் ஒரு விளம்பரத்தைத் தூக்குவதும், விளம்பரத்துக்குள் இருக்கும் ஒரு சொல்லைத் தூக்குவதும் முற்றிலும் வேறு. வயது குறைவு என்று காட்டும் சொல் வந்தால், ஒழுங்கான தளத்தில் அந்த விளம்பரம் வெளியே போகாது, கணக்கு முடங்கும், எழுதியது எழுதியபடி படத்தோடு பத்திரப்படுத்தப்படும், காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையத்துக்குப் புகார் போகும். பேக்பேஜ் ஒரு ஃபில்டர் வைத்திருந்தது. பள்ளி மாணவி, சின்னப் பெண் என்ற பொருள் வரும் சொற்கள், வன்புணர்வைக் குறிக்கும் சொல், காணாமல் போன குழந்தைக்காக விடுக்கப்படும் ஆம்பர் எச்சரிக்கையின் பெயர் இதெல்லாம் விளம்பரத்திலிருந்து தானாக உதிர்ந்துவிடும். மனிதக் கண் பார்க்கும் முன்பே சொல் போய்விடும். மீதி விளம்பரம் வெளியாகும், கட்டணமும் வந்து சேரும். மூலப் பிரதி சேமிக்கப்படவில்லை. 2010 கடைசியில் வயதுவந்தோர் பிரிவின் விளம்பரங்களில் 70 முதல் 80 சதவீதம் இப்படித் திருத்தப்பட்டதாக அவர்களுடைய கணக்கே சொன்னது. வயதுக் கட்டத்தில் 18-க்குக் கீழே எண் போட்டால், '18-க்கு மேல் இருக்க வேண்டும், மன்னிக்கவும்' என்று ஒரு செய்தி வரும். எண்ணை மாற்றிப் போட்டால் அதே விளம்பரம் உள்ளே போகும். ஒரு ஆள் தானாக முன்வந்து தந்த எச்சரிக்கையை அவருக்கே திருப்பிக் கொடுத்து, சரியாக எழுதிக்கொண்டு வா என்று அனுப்பும் ஏற்பாடு அது.

அந்த அறிக்கையில் இந்தியாவும் வருகிறது. ஒப்பந்தத்தில் விளம்பரம் பார்த்த ஒரு குழு இங்கே இருந்தது. ஆள் வயது குறைந்தவர் என்று மிகவும் உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே விளம்பரத்தை நீக்குங்கள் என்று அவர்களுக்கு அறிவுறுத்தல் போயிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இருபது வயதைத் தாண்டிய ஒரு பட்டதாரியாக இருப்பார், மணிக்கு இத்தனை விளம்பரம் என்று இலக்கு இருக்கும், சந்தேகப்பட்டு நிறுத்தினால் டீம் லீடர் கேள்வி கேட்பார். 'உறுதியாக' என்ற ஒரு சொல்லை வைத்து முழுப் பொறுப்பையும் அவர் தலையில் இறக்கிவிட்டு மேலே இருப்பவர்கள் கையைக் கழுவிவிடலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012, 2013 வாக்கில் மத்திய வழக்கறிஞர்கள் எழுதிய உள் குறிப்புகள் பின்னர் வெளியே கசிந்தன. போலீஸ் ஆவணம் கேட்டால் பேக்பேஜ் மற்றத் தளங்களைவிட மிக வேகமாகத் தருகிறது என்று அவற்றில் இருந்தது. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். போலீஸ் கேட்கும் பெயரை உடனே தந்துகொண்டே, கேட்காத ஆயிரத்தைச் சொல் நீக்கி வெளியிட்டுக்கொண்டும் இருக்கலாம். யோக்கியன் அல்லது அயோக்கியன் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாத நிறுவனம் அது.

அறிக்கை வந்த அன்று இரவே பேக்பேஜ் வயதுவந்தோர் பிரிவை மூடியது. விளம்பரங்கள் நட்பு, டேட்டிங் பக்கங்களுக்கு நகர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு பாஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 வயதில் விற்கப்பட்டதாகச் சொன்ன பெண்கள் போட்ட வழக்கை, துயரம் புரிகிறது ஆனால் 230 தடுக்கிறது என்று தள்ளியிருந்தது. மாற்ற வேண்டுமென்றால் காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேளுங்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் தொனி. காங்கிரஸ் மாற்றியது. ஆள் கடத்தல், பாலியல் தொழில் விஷயத்தில் 230-இன் பாதுகாப்பைக் குறைக்கும் ஃபோஸ்டா என்ற சட்டம் 2018 பிப்ரவரியில் கீழவையில் 388-க்கு 25 என்றும், மார்ச் 21-ல் செனட்டில் 97-க்கு 2 என்றும் நிறைவேறியது. எதிர்த்த இரண்டு பேரில் ஒருவர் 230-ஐ எழுதிய அதே ரான் வைடன். அடுத்த ஓரிரு நாட்களில், கையெழுத்தாகும் முன்பே, கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் நட்பு, காதல் விளம்பரப் பகுதி முழுவதையும் மூடிவிட்டது. துணை தேடிய தாத்தா பாட்டிகளின் விளம்பரமும் அதோடு போயிற்று.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். பேக்பேஜை எஃப்பிஐ கைப்பற்றியது 2018 ஏப்ரல் 6. அதிபர் டிரம்ப் ஃபோஸ்டாவில் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் 11. பேக்பேஜை ஃபோஸ்டா மூடியது என்று பல இடத்தில் எழுதுகிறார்கள், அது தவறு. அது ஏற்கெனவே இருந்த சட்டங்களை வைத்து மூடப்பட்டது. 93 குற்றச்சாட்டுகள், பாலியல் தொழிலுக்கு வசதி செய்தது, சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் என்று. முதலாளிகள் மேல் ஆள் கடத்தல் குற்றச்சாட்டே இல்லை. ஃபெரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சி ஆனார். டெக்சஸில் நிறுவனம் மட்டும் ஆள் கடத்தல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-ல் தொடங்கிய விசாரணை பாதியில் நின்றது. குற்றச்சாட்டில் இல்லாத குழந்தைக் கடத்தலைப் பற்றி அரசுத் தரப்பு அளவுக்கு மீறிப் பேசிவிட்டது என்று நீதிபதி ரத்து செய்தார். லார்க்கின் 2023-ல் இரண்டாவது விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு தற்கொலை செய்துகொண்டார். லேசியை நடுவர் குழு ஒரே ஒரு பணப் பரிமாற்றக் குற்றத்தில் மட்டும் குற்றவாளி என்றது, பெரும்பாலானவற்றில் ஒத்த முடிவுக்கு வர முடியவில்லை. 2024 ஆகஸ்டில் அவருக்கு ஐந்து ஆண்டு, மற்ற இரண்டு நிர்வாகிகளுக்குப் பத்துப் பத்து ஆண்டு சிறை.

சரி, கடத்தல் குறைந்ததா? 2018 ஏப்ரலுக்குப் பிறகு சில வாரங்கள் விளம்பரங்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஃபோஸ்டாவைக் கொண்டுவந்தவர்கள் 90 சதவீதம் போய்விட்டது என்று மேடையில் சொன்னார்கள். சில மாதத்திலேயே வேறு தளங்களில் விளம்பரங்கள் திரும்ப ஏறின, வாஷிங்டன் போஸ்ட்டின் உண்மை சரிபார்ப்புப் பகுதி அந்த 90 சதவீதக் கணக்கை நிராகரித்தது. விளம்பரம் குறைவது வேறு, கடத்தல் குறைவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 2021 ஜூனில் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் தந்த அறிக்கைதான் இதில் என்னிடம் இருக்கும் மிக உறுதியான காகிதம். ஃபோஸ்டாவின் புதிய கிரிமினல் பிரிவு மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு வழக்கில் பயன்பட்டிருந்தது. தளங்கள் வெளிநாட்டுக்கு நகர்ந்துவிட்டதால், ஆவணம் கேட்டுப் பெறுவதும் பாதிக்கப்பட்டவர்களைத் தேடுவதும் கடினமாகிவிட்டதாக விசாரணை அதிகாரிகளே அதில் சொல்கிறார்கள். மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் இந்த விளம்பரங்களை லட்சக்கணக்கில் அலசும் மெமெக்ஸ் என்ற கருவியை வைத்துக் கடத்தல்காரர்களைப் பிடித்து வந்தது. விளம்பரம் உள்ளூர்த் தளத்தில் இருந்தால்தான் அந்த வேலை சுலபம்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் குழந்தைகள் விற்கப்படுகிறார்கள் என்ற கணக்கை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். 2001-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய சூழலில் இருக்கும் குழந்தைகள் என்று சொன்ன மதிப்பீடு அது. விற்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இல்லை. 2011-ல் வில்லேஜ் வாய்ஸ் இதை அம்பலப்படுத்தி எழுதியது. சொன்னது சரி, ஆனால் சொன்னவரின் முதலாளிதான் பேக்பேஜின் முதலாளி! பொதுமக்களிடமிருந்து வந்த குழந்தைக் கடத்தல் சந்தேகப் புகார்களில் 73 சதவீதம் பேக்பேஜ் தொடர்புடையவை என்பது இன்னொரு பிரபலமான எண். அது தேசிய மையத்துக்கு வந்த புகார்களின் பங்கு. பெரிய தளத்தைப் பற்றி நிறைய புகார் வரத்தான் செய்யும், அதை வைத்து மொத்தக் கடத்தலில் பங்கு என்று படிக்கக் கூடாது.

நட்டம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. தன் விருப்பத்தில் இந்தத் தொழிலில் இருந்த பெண்களும் திருநங்கைகளும் விளம்பரத்தோடு சேர்த்து வாடிக்கையாளரை முன்கூட்டி விசாரிக்கும் வசதியையும், மோசமான ஆட்களின் பட்டியலைப் பகிரும் இடங்களையும் இழந்தார்கள். தெருவுக்கோ இடைத்தரகரிடமோ திரும்பப் போக வேண்டியிருந்ததாக அவர்களுடைய அமைப்புகள் அப்போதிலிருந்து சொல்லி வருகின்றன. கிரெய்க்ஸ்லிஸ்டின் அந்தப் பிரிவு வந்த ஊர்களில் பெண்கள் கொலையாவது 10 முதல் 17 சதவீதம் குறைந்தது என்று ஒரு பொருளாதார ஆய்வு சொன்னது. முறை சரியில்லை என்று அதற்கு மறுப்புகளும் உண்டு, அதனால் அந்த எண்ணை நான் மேடையில் சொல்ல மாட்டேன்.

ஆக, நாடகமா என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. கடிதங்களும் செய்தியாளர் சந்திப்புகளும் மூடியது முகவரிகளைத்தான், வியாபாரத்தை அல்ல. அவற்றில் நாடகத்தின் பங்கு கணிசம். செனட் குழுவின் விசாரணை நாடகம் இல்லை. ஆவணத்தை வரவழைத்து, நிறுவனம் தெரிந்தே என்ன செய்தது என்று ஒவ்வொரு மின்னஞ்சலாகக் காட்டியது. அந்த ஆதாரத்தை வைத்துப் பழைய சட்டத்திலேயே வழக்கு நடந்தது. பத்து வருடம் முன்பே மத்திய அரசு இதைச் செய்திருக்கலாமே என்ற கேள்விக்குத்தான் எனக்கு எங்கேயும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஃபோஸ்டாவை எதிர்த்துப் போன வழக்கில் 2023-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றத்துக்குத் தெரிந்தே உதவுவதை மட்டும்தான் அது தண்டிக்கிறது என்று குறுக்கிப் படித்துச் சட்டத்தை நிலைநிறுத்தியது. பேச்சையும் ஆலோசனையையும் தொடாது என்று இப்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயந்து மூடிய சிறு தளங்கள் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத் திரும்ப வந்ததாகத் தெரியவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சந்தேகமான விளம்பரத்தைப் பார்த்தால் அதில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுச் சோதிக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் உஷாராகி நம்பரை மாற்றிவிடுவார், அங்கே யாராவது மாட்டியிருந்தால் அடி அவருக்குத்தான் விழும். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சிறுவர் என்று சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தைச் சேமிப்பதும் பகிர்வதும் உங்கள் மேலேயே குற்றமாகத் திரும்பும். இணைய முகவரி, ஃபோன் நம்பர், ஊர், பார்த்த தேதி, நேரம் இவற்றை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தின் புகார் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு விடாதீர்கள், சில தளங்கள் விளம்பரத்தை எடுத்துவிட்டு அதோடு தடயத்தையும் அழித்துவிடும். இந்தியாவில் என்றால் குழந்தைகளுக்கு 1098, மற்றபடி மத்திய அரசின் சைபர் கிரைம் புகார்த் தளம். அமெரிக்காவில் இருப்பவர்கள் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் சைபர் டிப்லைனிலோ தேசிய ஆள் கடத்தல் ஹாட்லைனிலோ சொல்லலாம். யாராவது உடனடி ஆபத்தில் இருக்கிறார் என்று தோன்றினால் முதலில் 911.